சிரிப்பைத் துரத்திய படப்பிடிப்பு

என் பிடிவாதக்காரனுக்கு,

பர்பாங்க் ஊரில் போட்ட உன் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டக் காட்சியில் யாருமே சிரிக்கவில்லை என்று பாம் ஸ்பிரிங்ஸில் போய் ஒளிந்துகொண்டாய். உன் சோகப் படங்களுக்குத் தேம்பி அழுத அதே பர்பாங்க்தான். கதை மேல் பழி போடாதே. ஷாட் நடுவே சிரித்தாரென்று ஒலிப்பதிவாளர் வர்ஜிலை வேலையை விட்டே அனுப்பினாயே, அதன்பின் செட்டில் ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. சிரிப்பே கேட்காத நடிகர்கள் பயந்துபோய்க் கத்தத் தொடங்கினார்கள். எடிட் செய்த எனக்கே காது வலித்தது.

நேற்று வர்ஜிலை வரவழைத்து, அவர் சிரித்ததால் நீ ஒதுக்கிய அந்த டேக்கைப் போட்டுக் காட்டினேன். “சிரிச்சதுக்கு வேலையே போச்சு, இப்பவும் அடக்க முடியலையேம்மா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதில் அவருக்கு முன்பே ஒருவர் சிரிப்பது கேட்கிறது. நீதான். அந்தச் சிரிப்பை நம் வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன். வந்து கேள்.

இன்னமும்
உன் எடிட்டர்