பதினேழாம் நம்பர் வெண்டை

செப். 2, செவ்வாய்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் விதைக் கம்பெனியின் ஆத்தூர் பண்ணையில் விதைத்த இருபது வெண்டை ரகத்தில் பத்தொன்பதுக்கும் மஞ்சள் நோய். நரம்பெல்லாம் மஞ்சள், காயும் வெளிறிப்போய். 17 மட்டும் பச்சை.
மேனேஜர் போன்: "இந்தத் தடவையும் விதை எடுக்கலேன்னா வெண்டை ஆராய்ச்சிய மூடிருவோம்மா. அந்த எடத்துல தக்காளி போடச் சொல்லிட்டாங்க."
வாங்க: சிவப்பு நூல், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

செப். 4, வியாழன்
சாயங்காலம் 17-இல் நாளை பூக்கும் மொட்டுகளை நூலால் கட்டினேன். விரிந்தால் தேனீ பக்கத்து ரக மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். விதை கலப்படம். காய் பறிக்க வரும் சரோஜா அக்கா சிரித்தார். "பூவுக்குப் போயி வாயக் கட்டுறீகளே!"
நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

செப். 13, சனி
மேனேஜர் ஒரு வேன் நிறைய விவசாயிகளைக் கூட்டிவந்தார். எல்லாரும் 17-க்கு முன்னால். "இம்புட்டுப் பச்சையா நிக்குதே!" பெருமை பிடிபடவில்லை எனக்கு. பேசிக்கொண்டே இருந்தேன். நூல் கட்டிய காயைப் பறிக்காதீர்கள் என்றும் சொன்னேன். ஒருவரும் பறிக்கவில்லை.
நுனியை ஒடித்துப் பார்த்தார்கள். மார்க்கெட்டில் நாம் எல்லாரும் செய்வதுதான். வேறு ரகமென்றால் இதற்குள் நார் விட்டிருக்கும், ஒடியாது. 17 சீக்கிரம் முற்றாது. டக் டக்கென்று ஒடிந்தது. வேன் போன பிறகு பார்க்கிறேன், கட்டிய காயில் ஒன்றுகூட முழுசாக இல்லை.
யாரைத் திட்டுவது.

செப். 17, புதன்
இரண்டு நாள் மழை. ஒடிந்த நுனி வழியே தண்ணீர் இறங்கி உள்ளே பூஞ்சை. கீறினால் விதை வெள்ளையாக, கொழகொழவென்று.
சரோஜா அக்கா: "விடுங்க, அடுத்த பூவக் கட்டுவம்."
காய் முற்றிக் காய ஒரு மாதம் வேண்டும். காய் கெட்டதைக் கேட்டதும் தக்காளிக்கு உழ டிராக்டரைத் திங்கட்கிழமைக்குச் சொல்லிவிட்டார்கள். மேனேஜரிடம் கெஞ்சினேன். "போதும்மா" என்றார், கோபம்கூட இல்லாமல். பிடுங்கி நட்டால் வெண்டை பிழைக்காது. போன வருடம் கிடைத்ததே ஒரு கை விதை. மிச்சம் வைக்காமல் விதைத்தாயிற்று.

செப். 22, திங்கள்
உழுதுவிட்டார்கள். நான் போகவில்லை. மாத்திரை வாங்கியாயிற்று.
மத்தியானம் போன். வேனில் வந்தவர், ஒட்டன்சத்திரம் பக்கம். "ஏனுங்க மேடம், அந்தப் பதினேழாம் நம்பரு வெத எப்பங்க கெடைக்கும்? பத்துக் காய் ஒடிச்சுப் பாத்தனுங்க, அத்தனையும் பிஞ்சு. ஊர்ல எல்லாத்துக்கும் சொல்லிட்டனுங்க."
"பேரை எழுதிக்கிறேங்க" என்றேன். எழுதவில்லை.