உசுருள்ள மாத்திரை

கண்ணமங்கலம்
3.2.2025

அன்பு மாப்ளைக்கு,

போன ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க, அதான் லெட்டரு. வேளைக்குச் சாப்புடுறீங்களா? எந்தங்கச்சி ரம்யா போயிச் சேந்து வருஷமாவப் போவுது. இன்னும் ஜமுனாமரத்தூர்லயே ஒண்டியா கெடந்தா எப்படி?

அடுத்த வாரச் சந்தை அன்னிக்கி அங்க எங்க கம்பெனி மீட்டிங். பொம்பளைங்க கர்ப்பப்பைக்கு நல்ல பாக்டீரியா மாத்திரை. உசுருள்ள மாத்திரை. நீங்க பால் பண்ணை லேப்ல தயிர்க்கிருமி பாக்குறவரு, மேடையில ரெண்டு வார்த்தை சொன்னா சனங்க நம்பும். ரம்யா நெனப்பா கொஞ்சம் இலவசமா குடுக்குறேன். பேனர்ல அவ போட்டோதான்.

சின்னத் தங்கச்சி பூவிழி பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்கு வந்துட்டா. அவளுக்கும் இதான் குடுக்குறேன்.

பாசமுள்ள மச்சான்,
ரஞ்சித்குமார்

ஜமுனாமரத்தூர்
7.2.2025

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

சாப்புடுறேன். வேலைக்குப் போறேன். ருசி தெரியல.

ரம்யாவையும் பிரசவத்துக்கு உங்க வூட்டுக்குத்தான் அனுப்பினேன். எரியுது, நாத்தமடிக்குதுன்னு வெக்கத்த வுட்டு உங்க சம்சாரத்துகிட்ட சொன்னா. நாத்தம் வந்தா மருந்து வேலை செய்யுதுன்னீங்க. காய்ச்சல் வந்துது. ரெண்டா போடச் சொன்னீங்க. தாயும் புள்ளயும் போனாங்க.

நல்ல பாக்டீரியா இருக்கறது நெசம். அது பொறப்புப் பாதையில புளிப்பு குடுத்து கெட்டத அண்ட வுடாது. கெட்டது பெருகிட்டா டாக்டர்தான், மாத்திரை யாவாரி இல்ல. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம். மீட்டிங்ல டை கட்டி நிக்கத் தெரிஞ்சா போதுமே.

அவ டப்பாவுல மிச்சமிருந்தத லேப்ல தட்டுல போட்டு வளர்த்துப் பாத்தேன். ஒண்ணும் மொளைக்கல. அதுக்கு எங்க கேன்டீன் மோர் எவ்வளவோ மேல்.

பூவிழிய டாக்டர்கிட்ட இட்டுனு போங்க.

பார்த்திபன்

கண்ணமங்கலம்
11.2.2025

மாப்ள,

துக்கத்துல பேசுறீங்க, மன்னிச்சுட்டேன். டப்பாவ வெயில்ல வெச்சிருப்பீங்க. கம்பெனிக்கு சர்ட்டிபிகேட் இருக்குது.

பூவிழி நல்லா இருக்கா. லேசா காய்ச்சல், அவ்ளோதான். ரெண்டா போடச் சொல்லியிருக்கேன். மீட்டிங்குக்கு வெள்ளைச் சட்டையில வாங்க.

ரஞ்சித்குமார்

வேலூர்
18.2.2025

மச்சான் அவர்களுக்கு,

சந்தை அன்னிக்கி காலையிலதான் உங்க லெட்டர் கெடைச்சுது. உடனே வண்டிய எடுத்துனு மலையெறங்கினேன். ஒரு வளைவுல உங்க பஸ் எதுக்க ஏறிச்சு. பேனர சுருட்டி மேல கட்டியிருந்தீங்க. ரம்யா நெத்தி மட்டும் வெளிய தெரிஞ்சுது.

நேரா உங்க வூட்டுக்குப் போயி பூவிழிய இட்டாந்தேன், இங்க ஆஸ்பத்திரியில இருக்கா. ஊசி ஏறுது, காய்ச்சல் எறங்கிடுச்சு. புள்ளக்கி துடிப்பு நல்லா இருக்குதாம். உங்கள உள்ள வுட வேணாம்னு அவளே நர்சுகிட்ட சொல்லிட்டா. பழம் வாங்கினு வந்து நிக்காதீங்க.

மீட்டிங் நல்லா நடந்துதுன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

லேசா காய்ச்சல்னு இந்தத் தடவ எழுதினீங்க, அதுக்கு மட்டும் நன்றி. ரம்யாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப என் போன் ஆன்லதான் இருந்துது.

பார்த்திபன்