பாலம் திறந்த வருஷம்

அன்புக் குட்டிக்கு,

இருமல் விட்டு நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முட்டிவலியும் அவரோடு சௌக்கியமாக இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, அந்த வைவா, முடிந்தது, பாஸ் என்று போனில் சொன்னது எனக்கே போதவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர் ஆற்றுப் பாலம்தானே என் ஆய்வு, அது திறந்த வருஷத்திலேயே மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடக் கட்டுரைக்கு நீ வரி மாறாமல் பார்த்து எழுதுவாயே, அந்தக் கலைக்களஞ்சியத்தில் 1907, இணையக் கலைக்களஞ்சியத்தில் 1911. அப்போதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தால் பேச்சு முடிந்தது. இப்போது என் நெறியாளர், உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, "ரெண்டுமே ஆதாரம் ஆகாதும்மா, அதுல எழுதினவங்க எங்கேருந்து எடுத்தாங்கன்னு போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள். இந்த வயசில் இது தேவையா என்றுகூடத் தோன்றியது. புத்தகத்தில் கட்டுரைக்கு அடியில் பொடி எழுத்தில் ஓர் அறிக்கையின் பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பொதுப்பணி அலுவலகப் பதிவறையில் ஒன்பது நாள் தும்மிக்கொண்டே தேடினேன், கிடைத்துவிட்டது. 1907இல் திறந்த பாலத்தை மறு வருஷமே வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது. இப்போது நிற்பது 1911இல் திறந்த இரண்டாவது பாலம். முதல் பாலம் ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியவில்லை.

வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் பெரிய மனிதர், 1907 என்பது அச்சுப்பிழை என்று தன் புத்தகத்தில் எழுதியவர். "அப்போ நான் எழுதினது தப்புங்கறீங்களா?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தப்புதான் சார், இந்தப் பக்கத்தைப் பாருங்க" என்று அறிக்கையின் நகலை நீட்டினேன். மூன்று தடவை படித்தார், பிறகு எழுந்து நின்று, "அடுத்த பதிப்புல உங்க பேரைப் போட்டுத் திருத்திடறேன்" என்றார். கடைசி வரிசையில் இருந்த உன் அப்பா அப்போதே கைதட்டத் தொடங்கி, பியூனிடம் திட்டு வாங்கினார். இணையக் கலைக்களஞ்சியத்திலும் நானே போய் முதல் பாலத்தைச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் யாரோ அழித்தார்கள், அறிக்கையின் பக்க எண்ணோடு மறுபடி போட்டேன். இன்றோடு பதினொரு நாள், ஒரு எழுத்து அசையவில்லை.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். பதில் எழுதும்போது கவரில் என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று பெரிதாக எழுது, தபால்காரர் கண்ணில் பட வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா