சட்டைப் பையில் காந்தம்

அன்புள்ள நைனாவுக்கு சுகிர்தா எழுதறது. ஆண்டவர் கிருபையில வால்பாறையில நான் நல்லா கீறேன். நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்ச எடத்துல தையல் காஞ்சிடுச்சா? மாத்திரையை நேரத்துக்குப் போடறியா?

பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. நேத்து ஆறாங் கிளாசுக்குக் காந்தப்புலம் நடத்தினேன். "ஆளுக்குள்ளயும் பூந்து போகுமா டீச்சர்?"னு ஒரு பொண்ணு கேட்டுச்சி. அந்தப் பொண்ணு உள்ளங்கைக்கு அடியில காந்தத்தைப் புடிச்சேன். கை மேல இருந்த குண்டூசி எழுந்து நின்னுச்சி. பசங்க கைதட்டிச்சிங்க. எனக்குத்தான் உடனே உன் நெஞ்சுல கீற மிஷின் ஞாபகம் வந்துடுச்சி. சென்ட்ரிங் வேலையில செதறின ஆணியைப் பொறுக்க நீ எப்பவும் சட்டைப் பையில வெச்சிருப்பியே, அந்த ஸ்பீக்கர் காந்தம் இப்ப எங்க கீது? காந்தம் கிட்ட வந்தா அந்த மிஷின் தாறுமாறா ஓடுமாம்.

போன்ல சொன்னா "சரிம்மா"ன்னுட்டு மறந்துடுவே. அதான் எழுதறேன். அம்மா அரைச்ச மொளகாத்தூள் தீந்துபோச்சி. உத்திரமேரூர்ல பார்சல் போடும்போது அந்தக் காந்தத்தையும் உள்ள வெக்கச் சொல்லி அம்மாகிட்டயே சொல்லு. நீ தொடாதே.

பெல் அடிச்சிட்டாங்க, கிளாசுக்கு ஓடறேன்.

உன் மவ,
சுகிர்தா

முந்தாநாள் போன்ல "வூட்லதான் படுத்துகினு கீறேன்"னு சொன்னியே நைனா, பின்னாடி சுத்தியல் சத்தம் கேட்டுச்சி.