வாசலைப் பார்த்திருக்கும் சப்பாத்து

என் மச்சான் யோகனுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கு வடிவாகத் தெரியும். அதுதான் கரைச்சல். செத்துப்போனவர்களுக்கு எழுதுகிற ஆட்கள் வானத்தைப் பார்த்து எழுதுவார்கள். எனக்கோ உன் விலாசம் பாடம். ஜப்பானில் ஒரு சின்ன ஊர், ஸ்ரேசனுக்குப் பின்பக்கத்து ஒழுங்கை, நாங்கள் இரண்டு பேரும் படிக்கிற காலத்தில் வாடகைக்கு இருந்த அதே வீடு. அங்கே கீழறையில், வீட்டுக்கார அம்மாவின் புருசனுடைய படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிக்குள் உன் அஸ்தி இருக்கிறது. மூன்று வருசமாகிறது.

நாங்கள் அந்த அம்மாவை ஒக்காசான் என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுடைய பாஷையில் ஒக்காசான் என்றால் அம்மா. இது உனக்குச் சொல்லவேண்டிய விசயமா? வேறு ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், கோவிக்காதே.

நான் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் இருக்கிறேன். ஒரு படுக்கையறை வீட்டில் நாங்கள் நாலு பேர். சன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு தொடர்மாடி, அதற்குப் பின்னால் இன்னொன்று. குளிர்காலம் வந்தால் சன்னலும் இறுகிப்போகும். பாஸ்போட்டை இமிக்ரேசன்காரர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அகதிக் கேஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று சட்டத்தரணிக்கே தெரியாது. அவர் சொன்னது ஒன்றுதான்: நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. ஊருக்கும் போகமுடியாது, உன்னிடமும் வரமுடியாது. வேலை, வீடு, வேலை. இப்படி ஒரு மனுசன் எத்தனை நாளைக்கு இருக்கலாம் என்று நீயே சொல்லு.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினோம். அந்த மனுசி உடனே முழங்காலிட்டு, எங்கள் இரண்டு பேருடைய சப்பாத்தையும் எடுத்து, மூக்கு வாசலைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தா. நீ என் காதுக்குள் சொன்னாய், "மச்சான், இவ எங்கள வரமுந்தியே போகச் சொல்றா." எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஊரில் ஒருவனின் செருப்பை எடுத்து வாசலுக்குத் திருப்பினால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

அந்தப் பிழையோடு ஒரு கிழமை இருந்தோமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சூட்கேசைத் திறக்கவே இல்லை. கட்டின கயிறு கட்டினபடி கிடந்தது. அவ போட்ட சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, போதும் போதும் என்று எழும்பினோம். கலைக்கப் பார்க்கிற வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட எங்களுக்கு ரோசம் விடவில்லை. அவவோ நாங்கள் சாப்பிடாததைப் பார்த்து, தன் சமையலில்தான் குறை என்று இன்னும் இன்னும் குனிந்து மன்னிப்புக் கேட்டா. அவ குனியக் குனிய, போகச் சொல்லித்தான் கெஞ்சுகிறா என்று நாங்கள் நினைத்தோம்.

கடைசியில் உனக்குத்தான் பொறுமை போனது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பொறுக்கி, "நாங்கள் எப்ப போகவேணும்?" என்று கேட்டாய். அவ பயந்துபோனா. பிறகு விசயம் விளங்கியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தா. வெளியே போகிறவன் குனிந்து தடுமாறக்கூடாது, காலை விட்டதும் நடக்கவேண்டும், அதற்குத்தான் திருப்பி வைக்கிறது என்று எழும்பி நடந்து காட்டினா. அன்று பின்னேரம்தான் நாங்கள் சூட்கேசைத் திறந்தோம்.

அதற்குப் பிறகும் நீ சும்மா இருந்தாயா? விருந்தாளி என்று முதல் குளிப்பு உனக்குத் தந்தார்கள். அவர்கள் தொட்டிக்கு வெளியே இருந்து ஊத்தை போகக் கழுவிவிட்டு, பிறகுதான் சுடுதண்ணீருக்குள் இறங்குவார்கள். அதே தண்ணீரில் வீடு முழுக்க ஒவ்வொருவராக இறங்கும். நீ குளித்து முடித்ததும் அடைப்பைப் பிடுங்கிவிட்டு வந்தாய். "நான் கிடந்த தண்ணிக்குள்ள அந்த மனுசி இறங்கிறதா? பாவமில்லையா மச்சான்?" என்று என்னோடு வாதாடினாய். கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மற்ற எல்லாரும் அன்று குளிக்காமல் படுத்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த ஊரில் கோபத்தைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வருசம் எடுத்தது.

உனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது காலைச் சோறு. எங்களுக்கு இல்லை, படத்துக்கு வைக்கிற சோறு. பானை திறந்ததும் முதல் கரண்டியை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, புருசனின் படத்துக்கு முன்னால் வைத்து, மணியைத் தட்டிவிட்டு ஒக்காசான் கதைக்கத் தொடங்குவா. மழை வரும்போல் இருக்கிறது, மீன் விலை கூடிவிட்டது, மேலே இருக்கிற பொடியன்கள் கல்லூரியில் சோதனை எழுதுகிறார்கள். எல்லாச் செய்தியும் மனுசனுக்குப் போகும். "செத்தும் இந்த ஆளுக்கு விடுதலை இல்ல மச்சான்" என்று நீ பகிடி விட்டாய். இப்போது நானும் உன்னோடு அப்படித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறேன். பகிடி என்பக்கம் திரும்பிவிட்டது.

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பு எரிந்ததை அந்த வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். கொஞ்ச நேரம் காட்டினார்கள், பிறகு காலநிலை சொன்னார்கள். ஒக்காசான் எங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. அடுத்த நாள் காலை கல்லூரிக்கு வெளிக்கிட்டபோது, வழக்கம்போல் இரண்டு சோடிச் சப்பாத்தும் வாசலைப் பார்த்து இருந்தன. நீ அதற்குள் காலை விடாமல் நின்றாய். "திருப்பித்தான் வச்சிருக்கு. நாங்க எங்க போற?" என்று கேட்டாய். 

என் படிப்பு முடிந்து விசா முடிகிற நேரம் நான் இங்கே வந்து இறங்கினேன். உனக்கு இன்னும் ஒரு வருசம் இருந்தது. பின்னாலே வாறன் என்றாய். அதற்குள் ஒரு மழை நாள், சைக்கிளில் ஸ்ரேசனுக்குப் போன உன்னை லொறி அடித்துவிட்டது. ஒக்காசான் தொலைபேசியில் சொன்னபோது நான் உணவுக்கடைக் குசினியில் கோப்பை கழுவுகிற உடுப்போடு நின்றேன். வரவேண்டும் என்று கத்தினேன் மச்சான். எந்தப் பாஷையில் கத்தினேன் என்றும் தெரியாது.

செய்யவேண்டியதெல்லாம் அவதான் செய்தா. எரித்த பிறகு உன் எலும்பைத் தன் கையால் எடுத்து வைத்தா. அங்கே அதை வீட்டில் வைத்துப் பிறகு கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் முப்பத்தோராம் நாளுக்கு முன்னம் கடலில் கரைத்துவிடுகிற ஆட்கள். அஸ்தியை வீட்டுக்குள் வைத்திருக்கிறது என்றால் எங்கள் சனம் நடுங்கும். பார்சலில் அனுப்பச்சொல்லியும் கேட்டுப் பார்த்தேன். "ஆளை எப்படிப் பார்சலில் அனுப்புகிறது?" என்றா. "சொந்தக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். அதுவரை யோகன்-சான் இங்கே இருக்கட்டும். சப்பாத்தும் வாசலில்தான் இருக்கிறது, திருப்பி வைத்திருக்கிறேன்" என்றா. அவ மறுமுனையில் தொலைபேசிக்கு முன்னால் குனிந்துகொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் மட்டக்களப்பில் இருக்கிற உன் அம்மாவுக்கு எழுதினேன். அவ இப்போது உனக்கும் வைக்கிற காலைச் சோற்றையும் எழுதினேன். பதில் வரவில்லை. பிள்ளையைக் கரைக்காமல் அந்நிய வீட்டில் விட்டுவிட்டு இவன் கனடாவில் இருக்கிறானே என்று நினைக்கிறா என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறக்கப் பயம், திறக்காமல் விடவும் பயம்.

போன ஞாயிறு உன் சின்னம்மா வந்தா. மகன் கூப்பிட்டு ஸ்காபரோவுக்கு வந்து ஒரு மாதம். "நேசன் மனே, அக்கா நேரில சொல்லச் சொன்ன சொல்லு ஒண்டு இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னதிலிருந்தே எனக்கு நித்திரை இல்லை. மகன் கார் விட இடமில்லாமல் கீழே சுற்ற, சின்னம்மா தனியே மேலே வந்தா. சீலைக்குக் கீழே மகன் வாங்கிக் கொடுத்த பெரிய பூட்ஸ். அதைக் கழற்றவே மூச்சு வாங்கியது.

என் கை சும்மா இருக்குமா? அவ உள்ளே நடக்க, நான் குனிந்து பூட்ஸைத் திருப்பி வைத்துவிட்டேன். இந்த வீட்டுக்கு ஆர் வந்தாலும் அதைச் செய்வேன். எங்களோடு இருக்கிற பாலண்ணை பல தரம் சொல்லிவிட்டார், "உந்த ஜப்பான் விளையாட்டை விடடாப்பா, வாற சனம் ஒருநாளைக்குப் பிழையா எடுக்கும்." அந்த ஒருநாள் அன்றைக்குத்தான் வந்தது.

சின்னம்மா திரும்பிப் பார்த்தா. முகம் கறுத்துவிட்டது.

"என்ன மனே, நான் இன்னும் குந்தவே இல்ல. அக்காட சொல்லக் கேக்கவும் உனக்கு மனமில்லையா?"

பாலண்ணை குசினிக்குள் போய்விட்டார். நான் நாக்குழறி, "இல்லையம்மா, உது அப்பிடி இல்லை" என்று தொடங்கி, முதல் நாள், சூட்கேஸ், அரைவயிறு, நீ அகராதியோடு இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தா. கயிறு அவிழ்க்காத சூட்கேஸ் கதையில் அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முடியமுந்தி அழுகையும் வந்துவிட்டது.

"அவன் அப்பிடித்தான். ரோசக்காரன்" என்றா. பிறகு கதிரையில் அமர்ந்து, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, உன் அம்மாவின் சொல்லைச் சொன்னா. அப்படியே எழுதுகிறேன்.

"‘நான் இஞ்ச படைச்சா காகம் தின்னுது. அங்க ஒருத்தி என்ட பிள்ளைட பேரச் சொல்லி, சுடச்சுடச் சோறு வைக்கிறா. அந்தரப்பட்டு அவன அங்கயிருந்து எடுக்க வேணாம். எடுத்தாலும் எங்க கொண்டுவாற? கடலுக்குப் போற வழியெல்லாம் ஆமிச் சென்றி. எங்கட கடலுக்கே எங்களுக்குப் போக ஏலாம இருக்கு. மறுகா ஒருநாள் வழி தொறக்கும். அப்ப நேசன் போய் அவனக் கூட்டிக்கொண்டு வரட்டும். வேற ஆரும் வேணாம்.’ இதான் மனே அக்கா சொன்னது."

மூன்று வருசமாக நான் பயந்த சொல் இதுதானா? நான் அழுதேன். பாலண்ணை தேத்தண்ணியோடு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உன்னைப் பெட்டிக்குள் விட்டிருக்கிறேன் என்றுதான் இவ்வளவு நாளும் மனம் வெந்தது. அம்மாவும் கடலுக்குக் கிட்ட இருந்துகொண்டு கடலைப் பார்க்கமுடியாமல் இருக்கிறா என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறோம் மச்சான். உனக்கு மட்டும்தான் காலையில் ஒருவர் வந்து கதை சொல்கிறார்.

சின்னம்மா வெளிக்கிட்டா. திருப்பி வைத்த பூட்ஸுக்குள் கால் நேரே இறங்கியது. "சுகமாத்தான் இருக்கு" என்றா. பிறகு வாசலில் கிடந்த மற்றச் சப்பாத்துகளைப் பார்த்தா. வருகிறவர்களுடையதை எல்லாம் திருப்புகிற நான் என்னுடையதைத் திருப்புவதில்லை. எங்கே போக? வேலைக்குப் போக அவ்வளவு வசதி தேவையில்லை. பனியும் உப்பும் காய்ந்து வெள்ளை படிந்த என் சப்பாத்து, சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

"இது ஆற்ற?"

"என்ரை."

 அவ சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, என் சப்பாத்தை ஒவ்வொன்றாக எடுத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தா. நான் தடுக்கமுந்தி முடிந்துவிட்டது.

"நீயும் போகவேண்டிய ஆள்தானே, மனே" என்றா.

அடுத்த நாள் காலை பாலண்ணை அதைப் பார்த்துவிட்டு, "இமிக்ரேசன் பேப்பர் வந்திட்டோ?" என்று கேட்டார். "இல்லையண்ணை" என்றேன். 

பேப்பர் எப்போது வரும் என்று உனக்கு வாக்குத் தர எனக்கு வழியில்லை. மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரைக்கு எப்போது போக விடுவார்கள் என்று ஆருக்கும் தெரியாது. ஆனால் இது வாக்கு: வேலையால் வந்து கழற்றுகிற ஒவ்வொரு நாளும் என் சப்பாத்தைத் திருப்பி வைப்பேன். விடுகிற அன்று குனிந்து ஒரு நிமிசமும் வீணாக்கமாட்டேன். அந்த ஒழுங்கையால் வந்து, ஒக்காசானின் வாசலில் உன் சப்பாத்துக்குப் பக்கத்தில் என்னுடையதைக் கழற்றுவேன். அவ திருப்பி வைப்பா. இரண்டு சோடியையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவோம்.

அதுவரை, அவ வைக்கிற சோற்றை மிச்சம் விடாமல் சாப்பிடு. இனி ரோசம் வேண்டாம்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போக அம்மா பேர் சொன்ன ஒரே ஆள்,
உன்ர மச்சான்
நேசன்