மிதவை வரைக்கும்

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், எண்ணெய் போட்டபின் என் தையல் மிஷினும் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் முடித்துவிடுகிறாய், அதனால் பக்கம் நிறையப் பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே.

லீவுக்கு வரும்போது பழையபடி அப்பாவோடு ஏரியில் மிதவை வரைக்கும் நீச்சல் போட்டி என்று ஒரு வரி எழுதிப் போட்டாயே, அது இந்த வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டது. நாம் வழக்கமாகப் போகும் கரையில் இப்போது குளிக்கத் தடை. வேறு கரை தேடலாம் என்றால், முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. நீந்தினால் காலுக்கு நல்லது என்று டாக்டரம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டும் பிடிகொடுக்கவில்லை. நீ ஆசையாக வந்து நிற்கும்போதும் மனுஷர் கரையிலேயே உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர ஒரே கவலை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சோற்றைக் கட்டிக்கொண்டு அவரையும் கிளப்பிக்கொண்டு ஏரி ஏரியாக அலைய ஆரம்பித்தேன்.

முதலில் போனது பெரிய ஏரி. ஐஸ்கிரீம் வண்டி, பாட்டு, பந்து என்று ஒரே அமளி, கால் வைக்க இடமில்லை. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர் அல்லவா, உன் அப்பா தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வண்டியத் திருப்ப எடமில்லாத எடத்துல மனுஷன் குளிப்பானா” என்றார். அடுத்தது மரக்கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஏரி. அமைதியான இடம்தான், ஆனால் என் இஞ்ச் டேப்பில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தால் கரையை ஒட்டியே டேப் முழுசும் உள்ளே போய்விட்டது. பாசி வேறு. அது வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். மூன்றாவதாகப் பார்த்ததுதான் நமக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. பொடி மணல், மெல்ல மெல்ல இறங்கும் ஆழம், உட்கார்ந்து சாப்பிட மர நிழல், கழுவிவிட்ட கழிப்பறை, உயர நாற்காலியில் விசிலோடு ஒரு காவல்காரப் பெண், எதிரே தண்ணீரில் ஒரு மிதவை. தண்ணீருக்குள் இறங்கிப் போகும் கைப்பிடிக் கம்பிகூட உண்டு, யார் கையையும் பிடிக்க வேண்டாம். அப்பா சுற்றிச் சுற்றி வந்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில், “காத்து சரியில்ல” என்றார். இலைகூட அசையவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, சரியில்லாதது கரை இல்லை.

வீட்டுக்கு வந்து பிடித்து உட்காரவைத்துக் கேட்டால், “இந்தத் தையல ஊரே வேடிக்கை பாக்கணுமா” என்கிறார். தொடையிலிருந்து முட்டிக்குக் கீழே வரை தழும்பு இருக்கிறதே, அதைச் சொல்கிறார். ஊரார் தையலுக்கெல்லாம் கூலி வாங்குகிறவளிடம் சொல்லுகிற பேச்சா இது? இரும் என்று சொல்லிவிட்டு, முட்டிக்குக் கீழே இறங்குகிற மாதிரி ஒரு நீச்சல் கால்சட்டை தைத்தேன். தண்ணீருக்கு ஏற்றது என்று மழைக்கோட்டு தைத்த மிச்சத் துணியில் தைத்து, மேலே ஏறாமல் இருக்க இடுப்பிலும் கால் விளிம்பிலும் இறுக்கமாக எலாஸ்டிக் வேறு கோத்தேன். என் மூளையை என்ன சொல்ல. அடுத்த ஞாயிறு அதே மூன்றாவது ஏரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு இறங்கினாரோ இல்லையோ, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று போக வழியில்லாமல் இரண்டு காலும் பலூனாக உப்பிக்கொண்டு மேலே வந்துவிட்டது. மனுஷர் மல்லாக்க மிதக்கிறார், தலை கீழே, கால் மேலே. காவல்காரப் பெண் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதுவதா சிரிப்பதா என்று முழிக்கிறாள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அப்பா எழுந்து நின்று என்னை ஒரு முறை முறைத்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா.

கரைக்கு ஏறி வந்து, “கத்திரி வெச்சிருப்பியே, வெட்டு” என்றார். அங்கேயே நிற்கவைத்து முட்டிக்கு மேலே வெட்டிவிட்டேன். ஒரு சின்னப் பெண் வந்து தழும்பைக் காட்டி என்ன என்று கேட்டதற்கு, “பஸ்ஸுக்கு மட்டுந்தான் ஸ்பேர் பார்ட் மாத்துவாங்களா கண்ணு” என்று சொல்லிவிட்டு இறங்கியவர்தான். மிதவையைத் தொட்டு, மூச்சு வாங்கிவிட்டு, திரும்பியும் வந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சமாளித்தேன். இப்போது தினமும் கிளம்பிவிடுகிறார். உன்னைத் தயாராக இருக்கச் சொல்லி எழுதச் சொன்னார்.

நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்ததெல்லாம் கைகூடி, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வரும்போது தொப்பி எடுத்துவர மறக்காதே, கரையில் வெயில் அதிகம்.

இப்படிக்கு,
உன் அம்மா

இதைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சின்ன வயசில் எப்போதும் நீதான் முதலில் மிதவையைத் தொட்டாய் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் எப்படித் தோற்றார் என்பதைக் கரையிலிருந்து பார்த்தவள் நான். நீயும் அதே மாதிரி, அவருக்குச் சந்தேகமே வராமல், ஒரே ஒரு தடவை தோற்றுப் போ.