நான்கு குட்டிகள், பதினோரு நிமிடம்

பூமி தெரியும் கடைசி நாள். இரவு 21:50

வருகை: 23க்கு 23. வகுப்பறை வெப்பம்: 19. காற்று: சரி. குட்டிகள்: 4.

இதைக் கண்டெடுப்பவருக்கு. இது பள்ளியின் வருகைப் பதிவேடு. நான் கோமதி, ஒன்பதாம் வகுப்பு, வெண்குழி நிலாக் குடியிருப்புப் பள்ளியின் வகுப்புத் தலைவி. இதுவரை இதன் பின்பக்கங்களில் குட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் குறித்து வந்தேன். இன்று கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது. விளக்கணைத்தாகிவிட்டது. போர்வைக்குள் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நிலாவின் தென்முனை. இங்கிருந்து பூமி இரண்டு வாரம் மலைவிளிம்புக்கு மேலே தெரியும். இரண்டு வாரம் கீழே போய்விடும். தெரியும் நாட்களில்தான் இணைய இணைப்பு. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அது பள்ளிக்கு. பாடம் மட்டுமே பார்க்கலாம். சொந்தமாக எதையும் பார்க்கக் கூடாது. அலுவலகத்துக்கு வரும் செய்திகளும் அதே இணைப்பில்தான் வருகின்றன. அது மிகவும் குறுகலானது.

இதே வருகையைக் கணினியிலும் ஏற்றுவதற்காக என் டேப்லெட்டில் டீச்சரின் கடவுச்சொல் உண்டு. அதைக் கொண்டு தினமும் கணக்குப் பாடத்தில் ஒரு பேருந்து நிலையத்தின் கேமராவைத் திறக்கிறேன். எந்த ஊர் என்று தெரியாது. பெயர்ப்பலகையில் ‘குளம்’ என்ற கடைசி எழுத்துகள் மட்டும் தெரியும். மூன்றாம் பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. நான் இங்கேயே பிறந்தவள். நாயை நேரில் பார்த்ததில்லை.

இன்று 11:42க்குத் திறந்தேன். வெள்ளைக் காதுக் குட்டி ஒருவரின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓட, அவர் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினார். பக்கத்தில் எட்டிப் பார்த்த பிரிசில்லா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தக் குட்டிக்குப் பூந்தி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

சண்முகவடிவு டீச்சர் திரும்பினார். “யாருட்டி சிரிச்சது? கோமதி, பேர எழுது.”

பேசுகிறவர்கள், சிரிக்கிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவது தலைவியின் வேலை. காரணமும் எழுத வேண்டும். எழுதினேன். ‘பிரிசில்லா. பாடம் விட்டு வேறு பார்த்தாள்.’ டீச்சர் வழக்கம்போல் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் பிரிசில்லா என் முதுகில் ஒன்று வைத்தாள். “பாத்தது நீ, பேரு எனக்கா? இருக்கட்டும். அந்த ஆளுக்குச் செருப்பு கெடைச்சுதா, அதச் சொல்லு முதல்ல.”

தெரியவில்லை. 11:53க்குப் பூமி இறங்கிவிட்டது.

பூமி மறைந்த நாள் 1. இரவு 22:10

வருகை: 23. வெப்பம்: 19. குட்டிகள்: இனி பதினான்கு நாள் கழித்து.

மாலை 18:00, எல்லா அறைகளின் ஒலிபெருக்கியிலும் தங்கப்பழம் அண்ணாச்சி பேசினார். அவர்தான் குடியிருப்பின் பணித்தலைவர். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நம்ம மூச்சு டப்பால கெட்ட டப்பா கலந்துருக்குன்னு பூமியிலருந்து நேத்து தகவல் வந்துச்சு. எது எதுன்னு நம்பர் போட்டு ஒரு பட்டியலும் அனுப்பிருக்காங்க. முந்நூத்தி நாப்பதாம் நம்பர் டப்பா வரைக்கும் வந்துச்சு. மிச்சம் வாரதுக்குள்ள பூமி இறங்கிட்டு. யாரும் பயப்பட வேண்டாம்.”

மூச்சு டப்பா என்பது வெளியே போகிறவர்களின் உடையில் செருகுவது. நாம் விடும் மூச்சில் உள்ள நஞ்சை அதுதான் உறிஞ்சும். ஒரு முறைக்கு ஒரு டப்பா. கெட்ட டப்பா முதல் இரண்டு மணி நேரம் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு தலைவலி வரும், பிறகு தூக்கம். அளவுமானி டப்பாவின் வாயில்தான் இருக்கிறது. டப்பா பொய் சொன்னால் அதுவும் பொய் சொல்லும்.

மொத்தம் அறுநூறு. 340க்குள் நல்லதென்று தெரிந்தவை, இன்றைக்கானதையும் சேர்த்து, இருபத்திரண்டு மீதி இருக்கின்றன. சூரியத் தகடுகளைத் திருப்பும் மோட்டார் கெட்டு ஒரு வருடம் ஆகிறது. தினமும் இரண்டு பேர் போய்க் கையால் திருப்புகிறார்கள். ஒரு நாள் விட்டாலும் சூடு நின்றுவிடும். ஆக, பதினோரு நாளுக்கு நல்ல டப்பா உண்டு. பூமி எழப் பதினான்கு நாள் ஆகும்.

பட்டியல் எத்தனை மணிக்கு வந்தது என்று அண்ணாச்சி சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

நாள் 2. இரவு 22:30

வருகை: 23.

பட்டியல் வர ஆரம்பித்தது 11:40. பள்ளிக் கடவுச்சொல்லில் ஒரு கேமரா திறந்தது 11:42. பதினோரு நிமிடமும் அது அலுவலகச் செய்திகளின் வரிசையைத் தள்ளிவிட்டு முன்னால் ஓடியிருக்கிறது. பாடத்துக்கு முன்னுரிமை கொடுக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்களாம்.

டீச்சர் பலகையின் படத்தை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து நன்றாக இருந்தது.

அண்ணாச்சி வகுப்புக்கே வந்து பிரிசில்லாவை நிற்கச் சொன்னார். “டீச்சரோட கடவுச்சொல்லு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தாள். “டீச்சர் அடிக்கும்போது பாத்தேன்.”

டேப்லெட்டை வாங்கிக்கொண்டார்கள். தினமும் பள்ளி விட்டதும் பாசி வளர்க்கும் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று தண்டனை. நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை என்று இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தொட்டியருகே போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பச்சைக் கையோடு நிமிர்ந்தாள். “நீ சொல்லுவன்னு நெனச்சேன்.” பிறகு, “சொல்லாட்டாலும் பரவால்ல. ஒன்னத் தலைவிலருந்து தூக்கிட்டா பூந்திய யாரு காட்டுவா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாள் 4. இரவு 23:05

வருகை: 23. காற்று: சரி.

தண்ணீர் வரிசையில் நின்றேன். முன்னால் எஸ்தர் சித்தி. பிரிசில்லாவின் அம்மா. வெளிவேலைக்குப் போகும் எட்டுப் பேரில் அவரும் ஒருவர். அவருக்கு முன்னால் நின்றவர் யாரிடமோ பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார்: “பிள்ளையள செல்லம் குடுத்துக் கெடுத்தா, சாவது அடுத்தவன் புருசன்.”

சித்தி குடம் நிறையும் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் தலையைத் தொட்டு, “பிரிசில்லா கூட இரிட்டி. அவகிட்ட யாரும் பேச மாட்டேங்குதாவ,” என்றார்.

நாள் 6. இரவு 23:40

வருகை: 23. நல்ல டப்பா மீதி: 10.

இன்று அண்ணாச்சி பிரிசில்லாவின் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். டீச்சரிடம் சொன்னதை முதல் வரிசையிலிருந்து கேட்டேன்.

“எங்க வரிசையத் தள்ளிட்டு அந்தக் கேமரா ஓடுச்சுல்லா, அப்பம் மிச்சப் பட்டியலு அந்த வழியாத்தான் வந்துருக்கணும். பாத்த டேப்லெட்டுக்குள்ள விழுந்துருக்கும்னு தேடுனோம். ஒண்ணுமே இல்ல. பயத்துல அழிச்சுட்டா போல.”

“இல்ல அண்ணாச்சி,” என்றாள் பிரிசில்லா.

பார்த்த டேப்லெட் என் பையில் இருந்தது.

வருகைப் பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் இத்தனை நாள் திறக்கவில்லை. பயம். சற்றுமுன் ‘வந்தவை’யைத் திறந்தேன். பூந்தி செருப்போடு ஓடும் படத்துக்குக் கீழே பெயரில்லாத ஒரு கோப்பு. எண்கள். 341 முதல் 600 வரை கெட்டவை பத்தொன்பது.

என்னிடம்தான் இருக்கிறது. ஆறு நாளாக என்னிடம்தான் இருந்திருக்கிறது. நான் மட்டும் பலகையில் சரியான பெயரை எழுதியிருந்தால் இரண்டாம் நாளே எடுத்திருப்பார்கள்.

நாளைக் காலை சொல்லிவிடுவேன்.

நாள் 7. இரவு 22:50

வருகை: 23. மீதி: 8.

சொல்லவில்லை. அலுவலகக் கதவுவரை போனேன். உள்ளே அப்பா இருந்தார். அப்பாவுக்கு முன்னால் முடியாது.

பதினோராம் நாள்வரை நல்ல டப்பா இருக்கிறது. யாருக்கும் ஆபத்தில்லை. கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன். நேரம் இருக்கிறது.

நாள் 8. இரவு 23:20

வருகை: 22. வராதது நான். வயிற்றுவலி என்றேன். பதிவேட்டில் எனக்கு நானே வராதவள் என்று குறித்தேன்.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். எண்களைத் தாளில் எழுதி அலுவலகக் கதவுக்கு அடியில் போட்டுவிடலாம். ஆனால் என் எழுத்து பலகையின் படத்தில் இருக்கிறது. இடது கையால் எழுதினேன். 4க்கும் 9க்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிழித்துவிட்டேன். நாளை நிதானமாக எழுதுவேன். மீதி: 6. இன்னும் மூன்று நாள்.

நாள் 9. இரவு 20:15

மூன்றாம் தகடு தூசியில் சிக்கிக்கொண்டது. இன்றே எடுக்காவிட்டால் பாதிக் குடியிருப்புக்குச் சூடு போய்விடும். இன்னொரு முறை ஒருவர் வெளியே போக வேண்டும். கணக்கில் இல்லாத ஒரு டப்பா.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் எஸ்தர் சித்தி எழுந்தார். “நான் போறேன் அண்ணாச்சி. நல்ல டப்பாவ மத்தவங்களுக்கு வையுங்க. எனக்கு முந்நூத்தி நாப்பதுக்கு மேல உள்ள நம்பருல ஒண்ணு குடுங்க. எம்புள்ள செஞ்சதுக்கு நாந்தானே போணும்.”

“கிறுக்கு மாதிரி பேசாத எஸ்தர்.”

“அறுநூறுல நாப்பதோ அம்பதோ கெட்டது. எனக்கா வந்து வாய்க்கும்?” என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

என்ன எண் என்று கேட்க எழுந்தேன். எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

நாள் 9. இரவு 22:55

வெளியே இருப்பவர்களின் பேச்சு எல்லா நடைவழிகளிலும் கேட்கும். யாராவது ஒருவர் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. என் அறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

22:41. “எஸ்தர், எம்புட்டு ஆச்சு?” “பாதி தூசி தட்டிட்டேன் அண்ணாச்சி. தல மட்டும் லேசா வலிக்கி.”

22:46. “அளவு என்ன காட்டுது?” “பச்சதான் காட்டுது. நல்லாத்தான் இருக்கு.”

22:52. “எஸ்தர், டப்பா நம்பரு என்ன, ஒருக்கா சொல்லு.” “நாலு. ஒண்ணு… இரிங்க… நாலு ஒண்ணு ஏழு. பிரிசில்லா தூங்கிட்டாளா அண்ணாச்சி? தொட்டி கழுவிட்டு வந்து அவ சாப்பிடவே இல்ல.”

417.

பட்டியலில் எட்டாவது.

417 417

நாள் 10. இரவு 21:30

வருகை எடுக்கவில்லை.

நடைவழியின் முனையில் மைக் இருக்கிறது. ஓடினேன். அழுத்தினேன். நான் பேசியதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நினைவில்லை. டீச்சர் சொன்னார்: “நானூத்திப் பதினேழு கெட்ட டப்பா, உள்ள கூட்டிட்டு வாங்க, பாத்தது நாந்தான், பிரிசில்லா இல்ல, பட்டியலு எங்கிட்ட இருக்குன்னு கத்துன. நாலஞ்சு தடவ.”

நேற்று இரவு 23:20க்கு எஸ்தர் சித்தியைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. திறப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். “பாப்போம்மா” என்றார்.

பத்தொன்பது டப்பாவையும் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. “ஆரம்பத்துல தப்புப் பண்ணிட்ட. ஆனா பட்டியலப் பாத்த நிமிசமே ஓடி வந்துட்டல்லா, அது போதும்,” என்றார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வரிசையில் எனக்கு முதலிடம் விட்டார்கள்.

பிரிசில்லா மருத்துவ அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நகங்களில் இன்னும் பாசி. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பட்டியல என்னைக்குட்டி பாத்த?”

“நேத்து ராத்திரிதான்,” என்றேன்.

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். “நீ மட்டும் அப்பம் பாக்கலன்னா எங்கம்மா செத்துருக்கும்லா,” என்றாள். ‘ம்’ என்றேன். ‘ம்’ என்று சொன்னேன்.

என்னைத் தலைவி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். டீச்சர் பிரிசில்லாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவளையே தலைவியாக்கிவிட்டார். நாளைக் காலை பதிவேட்டை எடுப்பது அவள்.

இந்தப் பக்கங்களைக் கிழிக்கலாம். மூன்று முறை கைவைத்தேன். கிழிக்கும் சத்தம் நடைவழிவரை கேட்கும்போலிருந்தது. அது மட்டும் காரணமில்லை.

பதிவேட்டை டீச்சர் மேசைமேல் வைத்துவிட்டு வரப் போகிறேன். நாள் 6 பக்கத்தின் மூலையை மடித்திருக்கிறேன்.

பிரிசில்லா, அங்கிருந்து படி.